அண்டை வீடும் அண்ணன் தம்பியும்

தமிழ் வாசகர்கள் எல்லோருக்கும் ஒரு படம் பழக்கமானது. நடுவே ஒரு கோபுரம். இடப் பக்கம் ஒரு மினார். வலப் பக்கம் சிலுவை தாங்கிய ஒரு கூரை. மூன்றுக்கும் பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருப்பான். மளிகைக் கடை நாட்காட்டியில் இதைப் பார்த்திருக்கிறோம். பள்ளிக்கூட ஆண்டு விழாவின் திரைச்சீலையில் பார்த்திருக்கிறோம். சினிமாவில் பாட்டு முடிகிற இடத்தில் கட்டாயம் பார்த்திருக்கிறோம். சிறுகதையில் இதே படம் எழுத்தாக மாறும். விடியற்காலையில் கோயில் மணி அடிக்கும், உடனே பாங்கு கேட்கும், அது ஓய்வதற்குள் மாதா கோயில் மணியும் சேர்ந்துகொள்ளும். மூன்று ஓசையும் ஒன்றோடொன்று இழைந்து ஒரே நாதமாயின என்று ஆசிரியர் எழுதிவிட்டு அடுத்த பாராவுக்குப் போய்விடுவார்.

நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதற்காக ஒரு வாக்கியத்தை நல்ல வாக்கியம் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய கடமை விமர்சகனுக்குக் கிடையாது. அந்தப் படத்தில் மனிதர்களைக் காணோம் என்பதுதான் எனக்குள்ள குறை. மூன்று கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றை யார் கட்டினார்கள், ஏன் அங்கே கட்டினார்கள், ஒருவருடைய மேளம் இன்னொருவருடைய நோயாளிக் குழந்தையை எழுப்பியபோது என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லை. கதை எழுதுகிறவன் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் சூரியனுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன.

இந்தப் படம் எங்கே உச்சத்தை அடைந்தது என்று கேட்டால், 1977-ல் மன்மோகன் தேசாய் எடுத்த 'அமர் அக்பர் ஆண்டனி'யைச் சொல்லலாம். மறு ஆண்டே அது தமிழுக்கு வந்து 'சங்கர் சலீம் சைமன்' ஆயிற்று. குழந்தைப் பருவத்தில் பிரிந்துபோன மூன்று சகோதரர்கள், ஒருவன் இந்து வீட்டிலும் ஒருவன் முஸ்லிம் வீட்டிலும் ஒருவன் கிறிஸ்தவ வீட்டிலும் வளர்கிறார்கள். ஹிந்திப் படத்தில் ஒரு காட்சி. ஆஸ்பத்திரியில் ஒரு தாய் கிடக்கிறாள். மூவரும் வரிசையாகப் படுத்து ஒரே சமயத்தில் ரத்தம் கொடுக்கிறார்கள். அவள் தங்களைப் பெற்றவள் என்பது அவர்களுக்குத் தெரியாது. டாக்டர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். கொட்டகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களை நான் பரிகசிக்க மாட்டேன். கலகலப்பான படம்; கெட்டிக்காரத்தனமான படம்.

ஆனால் அந்தக் காட்சி என்ன சொல்கிறது என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். இந்த மூவரும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போக வேண்டும். ஏனென்றால் அவர்கள் உண்மையில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நல்லது. அப்படியானால், ஒரு தாய் வயிற்றில் பிறக்காதவர்கள் என்ன செய்வது? சலீம் உண்மையாகவே சலீமாகப் பிறந்திருந்தால், அவனுக்கும் சங்கருக்கும் இடையே ரத்தபாசம் என்ற ரகசியம் ஒன்றும் இல்லாதிருந்தால், அப்போதும் சலீமுக்கு அந்தத் தெருவில் இடம் உண்டா? படம் இந்தக் கேள்வியைக் கேட்காமலே நழுவிவிடுகிறது. நம்முடைய சமரசக் கதைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நழுவுகின்றன. அயலானை அயலானாகவே வைத்துக்கொண்டு அவனோடு வாழ்வது எப்படி என்று எழுதத் தெரியாததால், அவசர அவசரமாக அவனை அண்ணனாகவோ தம்பியாகவோ ஆக்கிவிடுகிறோம்.

அண்ணன் தம்பி உறவு வேறு, அண்டை வீட்டு உறவு வேறு என்பது நம் ஊர் ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கொண்டால் பத்து வருஷம் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம். பிறகு ஒரு கல்யாணத்திலோ சாவிலோ கட்டிக்கொண்டு அழலாம். அண்டை வீட்டுக்காரனோடு அது முடியாது. அவன் நாளைக் காலையிலும் அங்கேதான் இருப்பான். அவன் வீட்டு முருங்கைக் கிளை நம் மதிலைத் தாண்டும். நம் வீட்டுச் சாக்கடை அவன் வாசல் வழியாகப் போகும். அவனிடம் நமக்குப் பிரியம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிரியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளையையும் சாக்கடையையும் பற்றி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தே ஆக வேண்டும். பெரிய நகரத்தில் மதங்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்வது இந்த இரண்டாவது உறவைச் சேர்ந்தது என்பது என் கட்சி.

இதற்கு ஓர் உதாரணம் வேண்டும். உள்ளூர் உதாரணம் சொன்னால் ஆளுக்கொரு கட்சியைப் பிடித்துக்கொள்வோம். ஆகையால் கடல் கடந்து சிங்கப்பூருக்குப் போகலாம். நம்மவர்கள் அங்கே ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார்கள். எனவே முழுக்க அந்நிய ஊரும் அல்ல.

அந்த நகரத்தில் தெலுக் ஆயர் என்று ஒரு வீதி. மலாய் மொழியில் 'தெலுக்' என்றால் குடா, 'ஆயர்' என்றால் தண்ணீர். பெயருக்கேற்ப அந்தக் காலத்தில் அது கடற்கரை வீதி. பிறகு மண்ணைக் கொட்டித் தூர்த்ததில் கடல் வெகு தூரம் போய்விட்டது. அந்த வீதியில் நடந்தால் முதலில் நாகூர் தர்கா. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக, நம் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1828-லிருந்து 1830-க்குள் கட்டியது. இன்று அது இந்திய முஸ்லிம்களின் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. சில அடிகள் தள்ளி தியான் ஹோக் கெங். சீனத்து ஹோக்கியன் மக்கள் தங்கள் கடல் தெய்வமான மாசூ அம்மனுக்கு 1839-க்கும் 1842-க்கும் இடையில் எழுப்பிய ஆலயம். அதையும் தாண்டினால் அல் அப்ரார் பள்ளிவாசல். இது 1827-ல் ஒரு குடிசையாக ஆரம்பித்தது. ஆகையால் நம் ஜனங்கள் அதைக் குச்சுப் பள்ளி என்று அழைத்தார்கள். எதிர்ச் சாரியில் சீனக் கிறிஸ்தவர்களின் மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றும் இருக்கிறது. அது 1920-களில் வந்த கட்டடம்.

இதைப் பார்த்துவிட்டு வருகிற நம் பிரயாணக் கட்டுரையாளர்கள் உடனே நாட்காட்டிப் படத்தை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். 'என்னே சமரசம்!' என்று வியக்கிறார்கள். ஆனால் இந்தத் தெய்வங்கள் ஒரே வீதிக்கு வந்து சேர்ந்த காரணம் சமரசம் என்று சொல்ல முடியாது. காரணம் கடல். நாகப்பட்டினத்திலிருந்து மரக்கலத்தில் ஏறியவனும், சீனக் கரையிலிருந்து ஏறியவனும், புயலுக்குத் தப்பி உயிரோடு கரையேறியது அந்தக் குடாவில். இறங்கிய இடத்திலேயே நன்றி சொல்லத் தோன்றியது. நாகூர் ஆண்டகையும் மாசூ அம்மனும் கடலோடிகளைக் காப்பாற்றுகிறவர்கள் என்று இரு சாராரும் நம்பினார்கள். இவன் நன்றிக்கும் அவன் நன்றிக்கும் சில அடிகள்தான் தூரம், அவ்வளவுதான் விஷயம். இன்னும் வேடிக்கை, 1822-ல் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டம் சீனருக்கு ஓரிடம், சூலியருக்கு ஓரிடம், அராபியருக்கு ஓரிடம் என்று ஜனங்களைப் பிரித்து வைக்கத்தான் முயன்றது. திட்டம் பிரித்தது, துறைமுகம் சேர்த்துவிட்டது.

மாரியம்மன் கோயிலின் கதையும் இதே மாதிரி. ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாக 1819 மே மாதம் சிங்கப்பூருக்கு வந்தபோது, அவரோடு பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை வைத்தார், துணி வியாபாரம் செய்தார், தமிழர்களுக்குத் தலைவரானார். கோயிலுக்காக அவருக்கு முதலில் காட்டப்பட்ட இடம் தெலுக் ஆயர் வீதியில்தான். ஆனால் அங்கே நல்ல தண்ணீர் இல்லை. அபிஷேகத்துக்குத் தண்ணீர் இல்லாத இடத்தில் அம்மன் எப்படி இருப்பாள்? இடம் மாறி மாறிக் கடைசியில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நிலம் கிடைத்து, 1827-ல் மரமும் அத்தாப்புக் கூரையுமாகக் கோயில் எழுந்தது. அதே ரோட்டில், இடையே ஒரு சந்து மட்டும் விட்டு, ஜாமியா சூலியா பள்ளிவாசல். அது 1826-ல் நிறுவப்பட்டது. இன்றுள்ள கட்டடம் 1835-க்குள் முடிந்தது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்துக்குப் பகோடா ஸ்திரீட் என்று பெயர். பள்ளிவாசலின் மறு பக்கத்திலுள்ளது மாஸ்க் ஸ்திரீட். கோயிலின் மறு பக்கம் டெம்பிள் ஸ்திரீட். மூன்று சந்துகளும் சீனர்கள் நிறைந்து வாழ்ந்த சந்துகள்.

அந்தப் பள்ளிவாசலின் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. வாசல் கோபுரங்கள் ரோட்டைப் பார்த்து, மற்றக் கடைகளோடு நேர்க்கோட்டில் நிற்கின்றன. உள்ளே தொழுகைக் கூடம் மட்டும் கோணலாகத் திரும்பியிருக்கிறது. ஏனென்றால் அது மக்காவை நோக்க வேண்டும். வாசல் தெருவுக்கு இணங்கி நிற்கிறது. கூடம் தன் திசையை விட்டுக் கொடுக்கவில்லை. எத்தனையோ பிரசங்கங்களில் கிடைக்காத ஒரு வியாக்கியானம் இந்தக் கோணலில் கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்தில் வாழ்வதற்காகத் தொழுகைக் கூடத்தைத் தெருவுக்கு நேராக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நாம் மக்காவைப் பார்க்கிறோமே என்பதற்காக வாசலையும் கோணலாக வைத்துத் தெருவை மறிப்போம் என்று அவர்களும் நினைக்கவில்லை. சமரசம் என்ற சொல்லை நாம் 'எல்லாம் ஒன்றே' என்ற அர்த்தத்தில் வழங்கி வழங்கி, திசை வேறுபட்டவர்களுக்கு அதில் இடமில்லாமல் செய்துவிட்டோம். எல்லாம் ஒன்றாக இருந்தால் சகித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடலாம். 'ஐயா, பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே அவர்களுக்கு நல்ல புத்தியைக் கொடுத்திருக்கும் அல்லவா?' என்று. கொடுக்கவில்லை என்பதற்குச் சரித்திரம் சாட்சி. 1950 டிசம்பரில், மரியா ஹெர்டோக் என்ற டச்சுப் பெண்ணை வளர்த்த முஸ்லிம் தாயிடமிருந்து எடுத்துப் பெற்றவர்களிடம் கொடுக்கும்படி கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்தப் பெண் கிறிஸ்தவக் கன்னி மாடத்தில் இருக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. கலகம் மூண்டு 18 பேர் மாண்டார்கள். 1964 ஜூலை 21-ஆம் தேதி, நபிகள் நாயகத்தின் பிறந்த நாள் ஊர்வலத்தில் ஆரம்பித்த மலாய், சீனக் கலகத்தில் 23 பேர் மாண்டார்கள். நானூறு பேருக்கு மேல் காயம். செப்டம்பரில் மறுபடியும் மூண்டு இன்னும் 13 பேர். இந்த நாட்களிலும் தெலுக் ஆயர் வீதியில் தர்காவும் சீன ஆலயமும் தத்தம் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தன. கட்டடங்கள் நின்றதால் மனிதர்கள் பிழைத்துவிடவில்லை.

கலகத்துக்குப் பிறகு அந்த நகரம் செய்தவை காரியங்கள். அவற்றில் கவிதை ஒன்றும் கிடையாது. மத ஊர்வலங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்றுக்கும் மட்டும் கால்நடை ஊர்வலத்துக்கு இடம் விட்டார்கள். ஆனால் 1973-ல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்கள் கூடாது என்று உத்தரவாயிற்று. காவடி போகும், மேளம் போகாது. பல வருஷம் கழித்து, 2016-லிருந்து, வழியில் சில குறிப்பிட்ட இடங்களில் நின்று வாசிக்கலாம் என்று தளர்த்தினார்கள். பள்ளிவாசல்களின் மேலிருந்த ஒலிபெருக்கிகள் 1970-களில் உட்பக்கமாகத் திருப்பப்பட்டன; பாங்கு வானொலியில் ஒலித்தது. 1990-ல் மத நல்லிணக்கத்தைக் காப்பதற்கென்றே தனிச் சட்டம் ஒன்று நிறைவேறி, 1992-ல் அமலுக்கு வந்தது. மேடையில் ஏறி இன்னொரு மதத்தைத் தூஷிக்கிற பிரசங்கியின் வாயைக் கட்ட அதில் அதிகாரம் இருக்கிறது.

இதைவிடப் பழைய ஏற்பாடு ஒன்றும் உண்டு. ஆங்கிலேயர் 1905-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி முகம்மதிய, இந்து தர்ம சொத்துக்களுக்கு ஒரே நிர்வாகக் குழு அமைத்தார்கள். மாரியம்மன் கோயிலின் வரவு செலவும் அதன் கைக்குப் போயிற்று. 1960-களின் கடைசி வரை இது நீடித்தது. அதன் பிறகுதான் இந்துக்களுக்கென்று தனி வாரியம் வந்தது. ஒரே மேஜையில் கோயில் கணக்கும் முஸ்லிம் தர்மச் சொத்தின் கணக்கும்! நம் கதாசிரியர்களில் ஒருவராவது இந்த மேஜையைச் சுற்றி ஒரு கதை எழுதியிருக்கலாகாதா? எண்ணெய்ச் செலவு அதிகம் என்று ஒருவர் சொல்ல, வெள்ளையடிக்கும் கூலியைப் பற்றி இன்னொருவர் இழுக்க, அங்கே எத்தனை பாத்திரங்கள் கிடைத்திருப்பார்கள்!

சத்தத்தைப் பற்றிய சண்டை சிங்கப்பூருக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். நம் சேலத்தில் 1882-ல் மூண்ட கலகமும் ஊர்வலப் பாதையையும் அதிலிருந்த பள்ளிவாசலையும் பற்றியதுதான். அந்தக் கலக வழக்கில் குற்றம் சாட்டப்பட்டுப் பிறகு விடுதலையான சி. விஜயராகவாச்சாரியார் 1920-ல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். சண்டை எப்போதும் கர்ப்பக்கிருகத்தில் தொடங்குவதில்லை. தெருவில் தொடங்குகிறது. ஒருவன் உள்ளே எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறான் என்று மற்றவன் பெரும்பாலும் கவலைப்படுவதில்லை. வெளியே எந்த நேரத்தில் எவ்வளவு உரக்கக் கொட்டுகிறான் என்றுதான் கவலைப்படுகிறான்.

சரி, உத்தரவு போட்டு வந்த அமைதி சகிப்புத்தன்மை ஆகுமா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மேளத்தை நிறுத்தியதில் நஷ்டம் இருக்கிறது. காவடி எடுக்கிறவனுக்கு மேளம் வெறும் சத்தம் அல்ல. அது அவனைத் தாங்கி நடத்திச் செல்லும் பலம். அதை எடுத்துவிட்டு அவனை மௌனமாக நடக்கச் சொல்வது, பக்தியில் ஒரு பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்வதாகும். பாங்கைச் சுவருக்குள் திருப்பியதும் அப்படியே. அரசாங்கம் எல்லாவற்றையும் அளந்து கொடுத்துவிட்டால், ஜனங்கள் தாங்களே பேசி ஒரு முடிவுக்கு வரும் பழக்கத்தை இழந்துவிடுவார்கள் என்ற பயமும் நியாயமானது. போலீஸ்காரர் இல்லாத ஒரு நாள் வந்தால் அவர்களுக்கு என்ன செய்யத் தெரியும்?

ஆனால் இந்த ஆட்சேபத்தைச் சொல்கிறவர்களில் பலர் பாதுகாப்பான வீட்டில் உட்கார்ந்து சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கலகத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியிடம் போய், 'இந்த அமைதி உள்ளத்திலிருந்து வந்தது அல்ல, ஆகையால் மட்டமானது' என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரன் நம்மை நேசிக்க வேண்டும் என்று சட்டம் போட முடியாது. அவன் நம் வீட்டுக்குத் தீ வைக்கக் கூடாது என்று சட்டம் போடலாம். முதலாவது கிடைக்கும் வரை இரண்டாவதை ஒத்திப் போடுகிறவன் உபதேசியாக இருக்கலாம். அவன் அண்டை வீட்டில் குடியிருக்க எனக்கு விருப்பமில்லை. அன்பு இருந்தால்தான் இடம் உண்டு என்றால், அன்பு வற்றிய அன்று இடமும் போய்விடும். அண்ணன் தம்பிக் கதைகளில் நான் காணும் ஆபத்து இதுதான். அவை அயலானின் உரிமையை நம் பிரியத்தின் மேல் கட்டுகின்றன.

சட்டத்தோடு கதை முடிந்துவிடுகிறது என்றும் சொல்ல மாட்டேன். அதே சிங்கப்பூரில் வாட்டர்லூ ஸ்திரீட் என்று ஒரு தெரு. அங்கே 1870-லிருந்து ஒரு கிருஷ்ணன் கோயில். ஒட்டினாற்போல் 1884-லிருந்து சீனர்களின் குவான் இம் ஆலயம். கருணைத் தெய்வமாகிய அந்த அம்மனுக்குக் கூட்டம் சொல்லி முடியாது. அதே தெருவில் 1878-ஆம் வருஷத்து யூத ஜெப ஆலயம் ஒன்றும் உண்டு. குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டு வெளியே வருகிற சீன மூதாட்டிகள், இரண்டடி நடந்து கிருஷ்ணன் கோயில் வாசலிலும் நின்று ஊதுவத்தியைக் கையிலேந்தி வணங்குகிறார்கள். ஊதுவத்தி செருகுவதற்கு அங்கே சீன முறையில் ஒரு பெரிய கொப்பரை இருக்கிறது. கிருஷ்ணன் சந்நிதி வாசலில் சீனத்து ஊதுவத்திக் கொப்பரை எந்த ஆகமத்திலும் இல்லை. எந்தச் சட்டமும் அதை வைக்கச் சொல்லவில்லை.

இதைப் பார்த்து உடனே 'பார்த்தீர்களா, எம்மதமும் சம்மதம்' என்று பாட ஆரம்பிக்க வேண்டாம். அந்த மூதாட்டி எல்லா மதமும் ஒன்று என்று தீர்மானித்துவிட்டு வந்தவள் என்று எனக்குத் தோன்றவில்லை. பேரனுக்கு ஜுரம் இருக்கலாம், மகனுக்கு வேலை கிடைக்காமல் இருக்கலாம். பக்கத்தில் ஒரு தெய்வம் இருக்கிறது. அதற்கும் ஒரு கும்பிடு போட்டு வைப்போம் என்று நினைத்திருக்கலாம். வேளாங்கண்ணிக்கு முடி கொடுக்கிற நம் வீட்டு அத்தைமார்களும், நாகூரில் மந்திரித்துக்கொள்ளும் நம் தாய்மார்களும் இதே ரகத்தைச் சேர்ந்தவர்கள். தத்துவம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கொப்பரை வைக்க இடம் கொடுத்தவர்களுக்கும் பெரிய தத்துவம் தேவைப்பட்டிராது. வருகிறவள் ஊதுவத்தியை எங்கே செருகுவாள் என்று யோசித்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த யோசனை உபசாரம். தன் வீட்டு வாசலில் அயலாளின் பழக்கத்துக்கு ஓர் அடி இடம் ஒதுக்குவது, மேடையில் அவளைச் சகோதரி என்று அழைப்பதைவிடக் கொஞ்சம் அதிகச் செலவு பிடிக்கிற காரியம்.

இப்போது நம் இலக்கியத்துக்குத் திரும்பலாம். அயலானை அயலானாகவே வைத்து எழுதிய தமிழ் நாவல் இல்லாமல் போய்விடவில்லை. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' 1977-ல் வந்தது. 'அமர் அக்பர் ஆண்டனி' வந்த அதே வருஷம் என்பது வேடிக்கையான ஒற்றுமை. ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேருவதா வேண்டாமா என்று தத்தளித்த நாட்கள். செகந்தராபாத்தில் ரயில்வேக் குடியிருப்பில் வாழும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன். சுற்றிலும் முஸ்லிம் வீடுகள், கிரிக்கெட், காலேஜ், அண்டை வீட்டு மனஸ்தாபங்கள். யாரும் யாரையும் கட்டித் தழுவுவதில்லை. கடைசியில் 1948-ன் கலவரத்தில், அவன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் நுழைந்துவிட, அங்குள்ளவர்களைக் காப்பாற்றுவதற்காக ஒரு சிறு பெண் தன்னையே அவனுக்குக் கொடுக்க முன்வருகிறாள். அவன் வெட்கமும் அருவருப்பும் தாங்காமல் ஓடிவிடுகிறான். அந்தப் பெண் அவனுக்குத் தங்கை என்று ஒரு மச்சத்தையோ சங்கிலியையோ காட்டி ஆசிரியர் நம்மைத் தேற்றவில்லை. அவள் யாரோ. யாரோ ஒருத்திக்கு இந்தக் கதி நேர்ந்துவிட்டதே என்பதுதான் அவனைத் துரத்துகிறது. ரத்தபாசத்தை நம்பாமல் மனிதனை நம்பி எழுதிய பக்கங்கள் அவை; அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் வாசிக்கிறவன் நெஞ்சில் நிற்கின்றன.

ஆனால் அந்த நாவல் அண்டை வீடு உடைந்துபோன கதை. உடையாமல் நிற்கிற அண்டை வீட்டைப் பற்றிய கதைகள்தான் நம்மிடம் குறைவு. அதற்குக் காரணம் ஒன்று எனக்குப் படுகிறது. சண்டை எழுத எளிது. கட்டித் தழுவல் அதைவிட எளிது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஏற்பாடு, அதாவது இன்றைக்கு உன் திருவிழா, நாளைக்கு என் தொழுகை, நடுவில் ஒரு மணி நேரம் தெரு பொதுஜனத்துக்கு என்கிற ஏற்பாடு, பார்வைக்குச் சப்பென்று இருக்கிறது. ஆனால் அதைச் செய்து முடிப்பதற்குள் ஒருவன் தன் ஆட்களிடமே எத்தனை வசவு வாங்கியிருப்பான்! 'அவர்களுக்கு இறங்கிப் போய்விட்டாய்' என்று அவன் மைத்துனனே பேசாமல் இருந்திருப்பான். நாவலாசிரியனுக்கு அதைவிட என்ன வேண்டும்? தர்மகர்த்தாவின் வீட்டுத் திண்ணையிலும் முத்தவல்லியின் வீட்டுக் கூடத்திலும் ஒரே ராத்திரியில் நடக்கிற இரண்டு சச்சரவுகளை எழுதத் தெரிந்தவன், பத்துக் கோபுரங்களுக்குப் பின்னால் உதிக்கும் சூரியனை வர்ணிக்க வேண்டியதில்லை.

வாசகர்களும் இதில் சும்மா இருந்துவிட முடியாது. நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் பத்திரிகைகள் கொடுக்கின்றன. அடுத்த தடவை ஒரு கதையில் கோயில் மணியும் பாங்கும் மாதா கோயில் மணியும் இழைந்து ஒலிக்கிற இடம் வந்தால், கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்: இந்தத் தெருவில் விடியற்காலையில் தூங்க வேண்டியவர்கள் யாராவது இருக்கிறார்களா? ஆசிரியருக்கு அவர்களைத் தெரியுமா? தெரிந்திருந்தால் மேலே படியுங்கள். தெரியாவிட்டால் அந்தத் தெருவில் ஆசிரியர் ஒரு நாளும் குடியிருந்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.